ரியூ கண்ட்ரோலர் மக்கர் செய்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்டிஎன் (சாஃப்ட்வேர்-டிஃபைன்ட் நெட்வொர்க்கிங், அதாவது நெட்வொர்க்கைத் தனி மென்பொருளால் கட்டுப்படுத்துவது) படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஏற்பாட்டில்தான் தொடங்குகிறார்கள். ஒரு லேப்டாப், அதில் உபுண்டு, நெட்வொர்க்கை உருவாக்கித் தர மினிநெட், சுவிட்சாக ஓப்பன் விசுவிட்ச் என்கிற ஓவிஎஸ், கண்ட்ரோலராக ரியூ. மாட்டிக்கொள்ளும் இடங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே, இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

1. எல்லாமே ஒரே லேப்டாப்ல தானே ஓடுது, அப்புறம் கண்ட்ரோலர் எது, சுவிட்ச் எது?

ஓவிஎஸ் தான் சுவிட்ச். பாக்கெட்டை வாங்கி அனுப்பும் வேலை முழுக்க அதனுடையது. ரியூ என்பது பைத்தானில் எழுதிய தனி ப்ராசஸ். அது எந்தப் பாக்கெட்டையும் கேபிளில் தள்ளுவதில்லை. டிசிபி இணைப்பு ஒன்றின் வழியாக, ஓப்பன்ஃப்ளோ மொழியில், "இப்படி வந்தால் அப்படி அனுப்பு" என்று சுவிட்சுக்கு எழுதிக் கொடுக்கிறது. அந்தக் குறிப்புகள்தான் ஃப்ளோ. மினிநெட் இரண்டும் இல்லை. லினக்ஸின் நெட்வொர்க் நேம்ஸ்பேஸை வைத்து எச்1, எச்2 என்று ஹோஸ்ட்களை உருவாக்கி, அவற்றை ஓவிஎஸ்ஸில் செருகிக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது.

கல்லாவில் நிற்கும் பையன் முதலாளி எழுதி வைத்த சீட்டைப் பார்த்துச் சரக்குக் கொடுப்பது போலத்தான். சீட்டில் இல்லாத சரக்கைக் கேட்டால் மட்டும் முதலாளிக்கு போன் போடுவான். கடையில் தப்பு நடந்தால் முதலில் பார்க்க வேண்டியது சீட்டை. இந்தப் பக்கத்தில் பாதிப் பதில்கள் அங்கேதான் போய் முடியும்: பைத்தான் கோடைத் திறக்கும் முன் சுவிட்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

2. பிப் வச்சு ரியூ இன்ஸ்டால் பண்ணா சிவப்பு சிவப்பா எரர் கொட்டுது. என்ன பண்றது?

ரியூவின் கடைசி வெளியீடு 4.34, அது வந்தது 2020-இல். அதன் பிறகு பைத்தானும் அதன் துணைத் தொகுப்புகளும் வெகுதூரம் போய்விட்டன. மூன்று இடத்தில் உடையும். இன்ஸ்டால் செய்யும்போதே "கெட் ஸ்கிரிப்ட் ஆர்க்ஸ்" என்று ஒரு பெயரைச் சொல்லி நின்றால், செட்டப்டூல்ஸ் மிகப் புதியது. இன்ஸ்டால் ஆகி, ஓட்டும்போது "ஆல்ரெடி ஹேண்டில்ட்" இறக்குமதி ஆகவில்லை என்றால், ஈவென்ட்லெட் மிகப் புதியது. "கலெக்‌ஷன்ஸ்", "மியூட்டபிள் மேப்பிங்" என்று ஏதாவது வந்தால் பைத்தானே புதியது, அதாவது 3.10 அல்லது அதற்கு மேல்.

பைத்தான் 3.8 அல்லது 3.9-இல் ஒரு வர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்குங்கள். உபுண்டு 20.04-இல் 3.8 கூடவே வரும்; 22.04-இல் 3.10, 24.04-இல் 3.12 என்பதால் அங்கே பழைய பைத்தானைத் தனியாகப் போட வேண்டும். உள்ளே போய் முதலில் செட்டப்டூல்ஸ் 67.6.1, வீல், பிபிஆர் மூன்றையும் போடுங்கள். பிறகு நோ-பில்ட்-ஐசொலேஷன் என்ற தெரிவோடு ரியூவைப் போடுங்கள். அந்தத் தெரிவு இல்லாவிட்டால் பிப் தன் பாட்டுக்குப் புது செட்டப்டூல்ஸை இறக்கிக்கொண்டு மறுபடி அதே எரரைக் கொடுக்கலாம். கடைசியாக ஈவென்ட்லெட்டை 0.30.2-க்கு இறக்குங்கள்.

இன்னொன்று. மினிநெட்டுக்கு சூடோ வேண்டும், ரியூவுக்கு வேண்டாம். பழக்கதோஷத்தில் ரியூ-மேனேஜருக்கு முன்னாலும் சூடோ போட்டால், சூடோவுக்கு உங்கள் வர்ச்சுவல் என்விரான்மென்ட்டின் பாதை தெரியாது. "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்றுவிடும். இன்ஸ்டால் ஆகவில்லை என்று நினைத்து முழுக்க அழித்துவிட்டு மறுபடி போட்டவர்கள் உண்டு.

3. அப்போ ரியூ செத்துப்போன சாஃப்ட்வேரா? வேற ஏதாவது கத்துக்கட்டுமா?

புது வெளியீடு வருவதில்லை என்பது உண்மை. ஓப்பன்ஸ்டேக் குழு தன் தேவைக்காக அதைப் பிரித்தெடுத்து ஓஎஸ்-கென் என்ற பெயரில் பராமரிக்கிறது. ஒரு கம்பெனியின் நெட்வொர்க்கை ரியூவில் ஓட்டலாமா என்று கேட்டால், கூடாது.

படிப்பதற்கு என்றால் இன்னும் ரியூவைத்தான் சொல்வேன். பாக்ஸ் என்ற கண்ட்ரோலர் எளிமையானது, ஆனால் ஓப்பன்ஃப்ளோ 1.0-இல் நின்றுவிட்டது. ஓனோஸ், ஓப்பன்டேலைட் இரண்டும் ஜாவாவில் கட்டிய பெரிய மாளிகைகள். கதவைக் கண்டுபிடிக்கவே ஒரு செமஸ்டர் போய்விடும். ரியூவில் ஒரு சுவிட்ச் ஆப் முழுவதையும் ஒரே கோப்பில், நூற்றுச் சொச்சம் வரியில் படித்துவிடலாம்.

4. மினிநெட் ஆரம்பிச்சா "ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்"னு சொல்லி நின்னுடுது

போன தடவை மினிநெட்டை எக்ஸிட் கொடுத்து மூடாமல் டெர்மினலையே மூடியிருப்பீர்கள். அப்போது உருவாக்கிய எஸ்1, எஸ்1-ஈத்1 எல்லாம் கெர்னலில் அப்படியே கிடக்கின்றன. சூடோ எம்என் -சி கொடுத்தால் எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

அது துடைக்கும் பட்டியலில் ரியூ-மேனேஜரும் இருக்கிறது. ரியூவை ஓட விட்டுவிட்டு இன்னொரு டெர்மினலில் எம்என் -சி அடித்தால் ரியூவும் சேர்ந்து போய்ச் சேரும். முதலில் துடைப்பு, அப்புறம் ரியூ, அப்புறம் மினிநெட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5. ரிமோட் கண்ட்ரோலரைத் தொடர்புகொள்ள முடியலைன்னு வருது. போர்ட் 6633ஆ, 6653ஆ?

இரண்டும் சரி. ஆரம்பக் காலத்தில் எல்லோரும் 6633-ஐப் பயன்படுத்தினார்கள். பிறகு ஓப்பன்ஃப்ளோவுக்கென்று முறைப்படி ஒதுக்கப்பட்டது 6653. எதுவும் குறிப்பிடாவிட்டால் ரியூ 4.x இரண்டு போர்ட்டிலும் காது கொடுத்துக் காத்திருக்கும். மினிநெட்டும் 6653-ஐ முதலில் தட்டி, பதில் இல்லையென்றால் 6633-ஐத் தட்டும். ஆகவே இந்தச் செய்தி வந்தால் போர்ட் எண் குழப்பமாக இருக்க வாய்ப்புக் குறைவு. ரியூ ஓடவே இல்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதன் டெர்மினலுக்குப் போய்ப் பாருங்கள். இம்போர்ட் எரரோடு எப்போதோ நின்றிருக்கும்.

இணைந்ததா என்று உறுதி செய்ய சூடோ ஓவிஎஸ்-விஎஸ்சிடிஎல் ஷோ. கண்ட்ரோலர் என்ற வரிக்குக் கீழே "இஸ் கனெக்டெட்: ட்ரூ" இருக்க வேண்டும். அந்த வரியே இல்லையென்றால் இணைப்பு இல்லை, மினிநெட் எவ்வளவு அழகாக எழும்பியிருந்தாலும் சரி.

நேர் எதிரான புகாரும் வரும்: "6653-இல் ஓடும் கண்ட்ரோலரை நிறுத்து" என்று மினிநெட் அடம்பிடிக்கிறது என்று. ரிமோட் என்று சொல்லாமல் மினிநெட்டைத் தொடங்கினால் அது தன் சொந்தக் கண்ட்ரோலரை அந்தப் போர்ட்டில் வைக்கப் பார்க்கும். அங்கே ஏற்கெனவே ரியூ உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கன்ட்ரோலர் ரிமோட் என்ற தெரிவைச் சேருங்கள்.

6. ரியூ விண்டோஸ்ல இருக்கு, மினிநெட் வர்ச்சுவல்பாக்ஸ்ல இருக்கு. 127.0.0.1 கொடுத்தா சேரமாட்டேங்குது

வர்ச்சுவல் மெஷினுக்குள்ளிருந்து 127.0.0.1 என்றால் அது அந்த மெஷினையேதான் குறிக்கும். ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டர் சேர்த்து, விண்டோஸ் பக்கத்து முகவரியைக் கொடுங்கள். மாற்றாமல் விட்டிருந்தால் அது பெரும்பாலும் 192.168.56.1. அதன் பிறகும் சேரவில்லையென்றால் விண்டோஸ் ஃபயர்வால். இரண்டையும் ஒரே உபுண்டுவுக்குள் வைத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

7. கனெக்ட் ஆன உடனே "அன்சப்போர்ட்டட் வெர்ஷன் 0x1"னு ரியூ சொல்லுது

சுவிட்ச் பேசுவது ஓப்பன்ஃப்ளோ 1.0, உங்கள் ஆப் கேட்பது 1.3. கேபிளில் போகும் எண்ணில் 0x1 என்றால் 1.0, 0x4 என்றால் 1.3. சிம்பிள்-சுவிட்ச்-13 என்ற ஆப்பை ஓட்டுகிறீர்கள் என்றால் மினிநெட்டிலும் சுவிட்ச் தெரிவில் ஓவிஎஸ்கே-யோடு ப்ரோட்டோகால்ஸ் ஓப்பன்ஃப்ளோ13 என்று சேருங்கள். எழும்பிவிட்ட சுவிட்சுக்கு ஓவிஎஸ்-விஎஸ்சிடிஎல் மூலம் பிரிட்ஜில் அதே ப்ரோட்டோகால்ஸ் மதிப்பை வைக்கலாம்.

எரரில் 0x4 வந்தால் கதை தலைகீழ்: கோப்பின் பெயரில் 13 இல்லாத பழைய சிம்பிள்-சுவிட்ச் ஆப்பை ஓட்டிவிட்டீர்கள்.

8. சரி பண்ணிட்டேன். இப்போ டம்ப்-ஃப்ளோஸ் போட்டா "வெர்ஷன் நெகோஷியேஷன் ஃபெயில்ட்"!

அதே நோய், இடம் வேறு. டம்ப்-ஃப்ளோஸ் என்பது சுவிட்சில் இருக்கும் ஃப்ளோக்களைக் காட்டும் ஓவிஎஸ்-ஓஎஃப்சிடிஎல் கட்டளை. அந்தக் கருவியும் சுவிட்சோடு ஓப்பன்ஃப்ளோவில்தான் பேசுகிறது. சுவிட்சை 1.3 மட்டும் பேசும்படி கட்டிவைத்தால் கருவியிடமும் சொல்ல வேண்டும்: பெரிய ஓ போட்டு, ஓப்பன்ஃப்ளோ13. இனி இந்தப் பக்கத்தில் டம்ப்-ஃப்ளோஸ் என்று நான் சொல்லும் இடத்திலெல்லாம் அந்தத் தெரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

9. கனெக்டெட் ட்ரூன்னு வருது, எரர் எதுவும் இல்ல, பிங் மட்டும் போகல. எங்கே பார்க்கணும்?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். எச்1-இலிருந்து எச்2-க்குப் பிங்கை ஓட விட்டபடியே இன்னொரு டெர்மினலில் டம்ப்-ஃப்ளோஸ் எஸ்1 அடியுங்கள். நான்கில் ஒன்று தெரியும்.

எதுவுமே இல்லை, காலி. அப்படியானால் டேபிள்-மிஸ் ஃப்ளோ போகவில்லை. ஓப்பன்ஃப்ளோ 1.0-இல் எந்த ஃப்ளோவுக்கும் பொருந்தாத பாக்கெட் கண்ட்ரோலருக்கு வந்துவிடும், 1.3-இல் நீங்கள் கேட்காவிட்டால் சுவிட்ச் அதைத் தூக்கிப் போட்டுவிடும். ஆகவே சுவிட்ச் இணைந்தவுடன் ப்ரயாரிட்டி 0, நிபந்தனை எதுவும் இல்லை, ஆக்‌ஷன் கண்ட்ரோலர் என்று ஒரு ஃப்ளோவை ஆப்பே எழுத வேண்டும். பழைய 1.0 பாடத்தைப் பார்த்து 1.3-க்கு மாற்றி எழுதுகிறவர்கள் விழும் குழி இது. அந்தப் பகுதி கோடில் இருந்தும் காலி என்றால், அதன் தலைக்கு மேல் இருக்கும் டெக்கரேட்டரில் சுவிட்ச்-ஃபீச்சர்ஸ் நிகழ்வும் கான்ஃபிக் டிஸ்பாட்சரும் சரியாக இருக்கிறதா பாருங்கள்.

ஒரே வரி, "ப்ரயாரிட்டி=0 ஆக்‌ஷன்ஸ்=கண்ட்ரோலர்:65535", அதில் என்-பாக்கெட்ஸ் என்ற எண் ஏறிக்கொண்டே போகிறது. பாக்கெட் கண்ட்ரோலருக்குப் போகிறது, உங்கள் கோடு ஒன்றும் செய்யவில்லை. ரியூ டெர்மினலை மேலே ஸ்க்ரோல் செய்யுங்கள். ஹேண்ட்லருக்குள் (பாக்கெட் வந்ததும் ஓடும் உங்கள் கோடுப் பகுதிக்குள்) பைத்தான் எரர் வந்தால் ரியூ ஒரு பேக்ட்ரேஸ் அச்சிட்டுவிட்டுத் தொடர்ந்து ஓடும், நிற்காது. அதனால்தான் கண்ணில் படாமல் போகிறது. அதே வரி இருந்து என்-பாக்கெட்ஸ் பூஜ்யத்திலேயே நின்றால், பாக்கெட் சுவிட்சுக்கே வரவில்லை. ஹோஸ்ட்டின் ஐபி, சப்நெட், லிங்க் பக்கம் பாருங்கள். இரண்டு திசைக்கும் ஃப்ளோ இருந்தும் பிங் வரவில்லையென்றால் அவுட்புட் போர்ட் எண் தவறு. ஒன்றுக்கு மேல் சுவிட்ச் இருந்தால் இது அநேகமாக மேக் அட்டவணையின் கோளாறு: எந்த மேக் (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி) எந்தப் போர்ட்டில் என்று சுவிட்ச் வாரியாக, சுவிட்சின் அடையாள எண்ணான டிபிஐடி-யைச் சாவியாக வைத்து, தனித்தனியே எழுத வேண்டும். எல்லாச் சுவிட்சுக்கும் ஒரே டிக்‌ஷனரி என்றால் எஸ்1-இன் போர்ட் 1, எஸ்2-இன் போர்ட் 1 எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும்.

10. முதல் பிங் மட்டும் லேட்டா வருது. ஃப்ரெண்டுக்கு முதல் பிங் வர்றதே இல்ல. எது சரி?

உங்களுடையது சரி. முதல் பாக்கெட்டுக்கு ஃப்ளோ இல்லை. அது கண்ட்ரோலருக்குப் போய், பைத்தான் யோசித்து, திரும்பி வர வேண்டும். அதற்கு முன், இந்த ஐபிக்கு எந்த மேக் என்று கேட்கும் ஏஆர்பி வேறு. சில மில்லிசெகண்ட் ஆகும். இரண்டாவது பிங்கிலிருந்து சுவிட்சே பார்த்துக்கொள்வதால் நேரம் சட்டென்று விழும்.

நண்பரின் ஆப் ஃப்ளோவை எழுதிவிட்டு, கையில் இருக்கும் பாக்கெட்டை மறந்துவிடுகிறது. ஃப்ளோ இனி வருவதற்குத்தான். வந்துவிட்ட அந்த ஒன்றைப் பாக்கெட்-அவுட் செய்தியாகத் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும்.

11. நான் பிங்கே பண்ணல. ஆனா ரியூல 33:33ன்னு தொடங்குற மேக்குக்குப் பாக்கெட்-இன் வந்துக்கிட்டே இருக்கு. யாராவது அட்டாக் பண்றாங்களா?

இல்லை. பாக்கெட்-இன் என்பது சுவிட்ச் கண்ட்ரோலருக்கு அனுப்பிவைக்கும் பாக்கெட். 33:33 என்று தொடங்குவது ஐபிவி6 மல்ட்டிகாஸ்ட். ஹோஸ்ட் எழும்பியதும் லினக்ஸ் தன் பாட்டுக்கு ரௌட்டர் இருக்கிறாரா என்று கேட்டுப் பார்க்கும். தொந்தரவாக இருந்தால் ஹோஸ்ட்களில் சிசிடிஎல் மூலம் ஐபிவி6-ஐ அணைத்துவிடுங்கள். அதை எண்ணிக்கையில் சேர்த்து "அட்டாக் கண்டுபிடித்துவிட்டேன்" என்று வரைபடம் போட்ட டிடாஸ் (பல இடத்திலிருந்து பாக்கெட்டைக் கொட்டி முடக்கும் தாக்குதல்) ப்ராஜெக்ட்களைப் பார்த்திருக்கிறேன்; வைவாவில் அங்கேதான் கை வைப்பார்கள்.

12. ரியூவை கன்ட்ரோல்-சி போட்டு நிறுத்திட்டேன். அப்பவும் பிங் ஜோரா போகுது. எப்படி?

அதுதான் எஸ்டிஎன். 1-வது பதிலில் சொன்ன சீட்டு சுவிட்சிடமே இருக்கிறது. ரியூவின் மாதிரி சுவிட்ச் ஆப் ஃப்ளோக்களுக்கு டைம்அவுட் வைப்பதில்லை. டைம்அவுட் 0 என்றால் அழிக்கும்வரை இருக்கும். ஏற்கெனவே பேசிய எச்1-எச்2 பேசிக்கொண்டே இருக்கும். இதுவரை பேசாத எச்3-க்குப் பிங் செய்து பாருங்கள், போகாது.

இந்த இரண்டாவது பகுதி ஃபெயில்-மோடைப் பொறுத்தது. மினிநெட் சுவிட்சை செக்யூர் என்று வைக்கிறது: கண்ட்ரோலர் இல்லையென்றால் புதிதாக எதையும் விடாது. நீங்களே ஓவிஎஸ் பிரிட்ஜ் உருவாக்கினால் இயல்பு நிலை ஸ்டான்ட்அலோன்: கண்ட்ரோலர் போய்விட்டது என்று முடிவானதும் சாதாரண மேக் கற்கும் சுவிட்சாக மாறி எல்லாவற்றையும் விடும். "என் ஃபயர்வால் கண்ட்ரோலர் விழுந்தால் நெட்வொர்க் திறந்துகொள்கிறது" என்ற புகாருக்கு இதுதான் காரணம்.

13. கோடை மாத்தி ரியூவை ரீஸ்டார்ட் பண்ணேன். இன்னும் பழைய மாதிரியே நடக்குது

12-ஐப் படித்தவுடன் விடை தெரிந்திருக்கும். புது ஆப் இணைந்தாலும் பழைய ஃப்ளோக்கள் சுவிட்சிலேயே கிடக்கின்றன. பாக்கெட் அவற்றில் பொருந்திப் போய்விடுவதால் உங்கள் புதுக் கோடு வரை வருவதே இல்லை. டெல்-ஃப்ளோஸ் கொடுத்துத் துடையுங்கள். ரியூ இணைந்திருக்கும்போது துடைத்தால் டேபிள்-மிஸ் ஃப்ளோவும் சேர்ந்து போய், 9-வது கேள்வியின் "காலி" நிலைக்குத் தள்ளப்படுவீர்கள். ஆகவே ரியூவை நிறுத்தி, துடைத்து, மறுபடி தொடங்குங்கள். இல்லையென்றால் ஆப் இணையும்போதே முதல் வேலையாக எல்லா ஃப்ளோவையும் அழிக்கும்படி எழுதிவிடுங்கள்.

14. மூணு சுவிட்சை முக்கோணமா இணைச்சேன். லேப்டாப் ஃபேன் அலறுது, எல்லாம் உறைஞ்சிடுச்சு

ப்ராட்காஸ்ட் புயல். ஈதர்நெட் ஃப்ரேமில் ஐபி-யில் இருப்பது போல டிடிஎல் (இத்தனை தாவலுக்குப் பின் செத்துவிடு என்ற எண்) கிடையாது. ஒரு ஏஆர்பி கேள்வியை ஒவ்வொரு சுவிட்சும் எல்லாப் பக்கமும் தள்ள, அது சுற்றிச் சுற்றிப் பெருகும். ஒவ்வொரு பிரதியும் பாக்கெட்-இன்னாக ரியூவுக்கும் வரும். அதோடு, எச்1-இன் மேக் ஒரு நொடி போர்ட் 1-இல், மறு நொடி போர்ட் 3-இல் தெரிவதால் மேக் அட்டவணையும் கெட்டுப்போகும்.

ரியூவோடு வரும் சிம்பிள்-சுவிட்ச்-எஸ்டிபி-13 ஆப்பை ஓட்டுங்கள். வளையத்தில் ஒரு போர்ட்டை அடைத்துவிடும். ஆனால் லிசன் 15 நொடி, லேர்ன் 15 நொடி என்று அரை நிமிடம் எடுத்துக்கொள்ளும். "எஸ்டிபி போட்டும் பிங் போகவில்லை" என்பவர்களில் பெரும்பாலோர் அந்த அரை நிமிடம் காத்திருக்காதவர்கள். அடைப்பதற்குப் பதிலாக எல்லா லிங்க்கையும் பயன்படுத்த வேண்டுமென்றால் டோபாலஜியை (எது எதோடு இணைந்திருக்கிறது என்பதை) அறிந்து நீங்களே பாதை கணக்கிட வேண்டும். அதற்கு 19-க்குப் போங்கள்.

15. ஃபயர்வால் எழுதினேன். எச்1-லிருந்து எச்3-க்கு தடை. ஆனா ஜாலியா போகுது

மூன்று காரணம் உண்டு. முதலாவது, ஐபி முகவரியை மேட்ச்சில் கொடுத்து ஈதர்டைப்பை (ஃப்ரேமுக்குள் இருப்பது ஐபியா, ஏஆர்பியா என்று சொல்லும் எண்) கொடுக்காமல் விட்டது. ஓப்பன்ஃப்ளோவில் ஐபிவி4 முகவரி பார்க்க வேண்டுமென்றால் ஈதர்டைப் 0x0800 என்று கூடவே சொல்ல வேண்டும். டிசிபி போர்ட் என்றால் அதோடு ஐபி ப்ரோட்டோகால் 6-உம். இல்லாவிட்டால் சுவிட்ச் "பேட் ப்ரிரெக்" என்று ஃப்ளோவையே நிராகரிக்கும். ரியூ இந்த நிராகரிப்பை டீபக் நிலையில்தான் அச்சிடுகிறது, சாதாரணமாக ஓட்டினால் மௌனம். வெர்போஸ் தெரிவோடு ஓட்டுங்கள், கொட்டும்.

இரண்டாவது, ப்ரயாரிட்டி. மாதிரி ஆப் எழுதும் ஃப்ளோக்களின் ப்ரயாரிட்டி 1. உங்கள் தடையும் 1 என்றால் எது ஜெயிக்கும் என்று ஓப்பன்ஃப்ளோ சொல்வதில்லை. 10, 100 என்று மேலே வையுங்கள். தடைக்குத் தனி ஆக்‌ஷன் கிடையாது; ஆக்‌ஷன் பட்டியல் காலியாக இருந்தாலே தடைதான்.

மூன்றாவதுதான் நுணுக்கமானது. தடையை ஃப்ளோவாக எழுதாமல், பாக்கெட்-இன் ஹேண்ட்லருக்குள் "ஐபி இதுவானால் திரும்பிப் போ" என்று இஃப் போட்டு எழுதியிருப்பீர்கள். எச்1 முதலில் அனுப்புவது ஏஆர்பி. அதில் உங்கள் இஃப் தேடும் ஐபி தலைப்பு இல்லை, ஆகவே கடந்துபோகும். எச்3 ஏஆர்பி-க்குப் பதில் சொல்லும்போது மேக் முகவரியை வைத்து ஒரு திசைக்கு ஃப்ளோ விழும். அதற்குப் பிறகு எச்1 எச்3-க்கு அனுப்பும் முதல் பாக்கெட் ஐபியாக இருந்தால் இஃப் பிடித்துவிடும், எல்லோரையும் கேட்காமல் எச்3-க்கே நேராக அனுப்பும் ஏஆர்பியாக இருந்தால் மறு திசைக்கும் ஃப்ளோ விழுந்துவிடும். மேக்கை மட்டும் பார்க்கும் ஃப்ளோ விழுந்தபின் எந்த ஐபி பாக்கெட்டும் உங்கள் இஃப்பைப் பார்க்கப் போவதில்லை. "சில சமயம் தடுக்குது, சில சமயம் விடுது" என்று வரும் புகார்கள் இதுதான். தடையைச் சுவிட்ச் இணையும்போதே ஃப்ளோவாக எழுதிவிடுங்கள்.

16. சரி, தலைகீழா "அனுமதிச்சதை மட்டும் விடு"ன்னு எழுதினேன். இப்போ எதுவுமே போகல

ஏஆர்பி-யை அனுமதித்தீர்களா? ஈதர்டைப் 0x0806. அது போகாவிட்டால் எச்1-க்கு எச்2-இன் மேக் தெரியாது, ஐபி பாக்கெட் கிளம்பவே கிளம்பாது. அனுமதி இரண்டு திசைக்கும் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஃப்ளோவுக்கு "பதில் பாக்கெட்" என்ற அறிவெல்லாம் கிடையாது.

17. சுவிட்ச் ஆப்பையும் ஃபயர்வால் ஆப்பையும் ஒரே ரியூ-மேனேஜர்ல சேர்த்து ஓட்டலாமா?

ஓட்டலாம். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்-இன்னும் இரண்டு ஆப்புக்கும் போகும். ஃபயர்வால் வேண்டாம் என்று சொன்னது சுவிட்ச் ஆப்புக்குத் தெரியாது, அது பாட்டுக்கு அனுப்பிவிடும். ஃப்ளோக்களைச் சுவிட்ச் பல டேபிள்களில் வைக்கலாம். ஃபயர்வாலை டேபிள் 0-விலும் சுவிட்சை டேபிள் 1-லும் வைத்து, டேபிள் 0-வில் தப்பியவற்றை மட்டும் கோட்டு-டேபிள் (அடுத்த டேபிளுக்குப் போ) மூலம் அனுப்புவதுதான் சுத்தமான வழி. டேபிள் 1-க்கும் தனியாக டேபிள்-மிஸ் வேண்டும். ஒரு ஆப் 1.0-உம் மற்றது 1.3-உம் மட்டுமே கேட்டால் பொதுவான வெர்ஷன் இல்லாமல் ரியூ கிளம்பவே மறுக்கும்.

18. சுவிட்ச் சில செகண்டுக்கு ஒரு தடவை கழன்று கழன்று சேருது

உங்கள் ஆப் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறது. கண்ட்ரோலரிடமிருந்து 5 நொடி சத்தமே இல்லாவிட்டால் ஓவிஎஸ் "இருக்கிறாயா?" என்று எக்கோ அனுப்பும். அதற்கும் பதில் இல்லையென்றால் இணைப்பை வெட்டிவிட்டு மறுபடி சேரப் பார்க்கும். ரியூ உள்ளே ஈவென்ட்லெட்டின் பச்சை இழைகளில் ஓடுகிறது. ஒரே நேரத்தில் ஒன்றுதான் ஓடும். பாக்கெட்-இன் ஹேண்ட்லருக்குள் மெஷின் லேர்னிங் மாடலுக்குப் பயிற்சி கொடுத்தால், அது முடியும்வரை எக்கோவுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. டிடாஸ் ப்ராஜெக்ட்களில் இது சர்வசாதாரணம். பயிற்சியை வெளியே முடித்துக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோலருக்குள் கணிப்பு மட்டும் நடக்கட்டும். பத்து நொடிக்கு ஒருமுறை புள்ளிவிவரம் கேட்பது போன்ற வேலைக்கு ஹப்-ஸ்பானில் தனி இழை, அதற்குள் ஹப்-ஸ்லீப்.

கோடு லேசாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கழல்கிறது என்றால் டிபிஐடி-யைப் பாருங்கள். நீங்கள் தராவிட்டால் மினிநெட் சுவிட்ச் பெயரில் இருக்கும் எண்ணை எடுத்து டிபிஐடி ஆக்கும். எஸ்1 என்று ஒன்று, கோர்1 என்று ஒன்று வைத்தால் இரண்டுக்கும் 1. கண்ட்ரோலர் பார்வையில் ஒரே சுவிட்ச் இரண்டு இடத்திலிருந்து பேசுகிறது. பெயரில் எண்ணே இல்லாவிட்டால் மினிநெட் நேரடியாகவே மறுத்துவிடும், அது எவ்வளவோ மேல்.

19. டோபாலஜி கேட்டா சுவிட்ச் வருது, லிங்க் காலியா வருது. ஹோஸ்ட்டும் இல்ல

அப்சர்வ்-லிங்க்ஸ் தெரிவோடு ரியூவைத் தொடங்கினீர்களா? அப்போதுதான் ஒவ்வொரு போர்ட்டிலும் எல்எல்டிபி பாக்கெட் அனுப்பி, அது எந்தச் சுவிட்சின் வழியாகத் திரும்பி வருகிறது என்று பார்த்து லிங்க்கைக் கண்டுபிடிக்கும். சில நொடிகள் ஆகும். சுவிட்ச் இணைந்த அதே கணத்தில் கேட்டால் பட்டியல் காலியாகவோ அரைகுறையாகவோதான் வரும். ஹோஸ்ட் வாயைத் திறந்தால்தான் தெரியும், ஒரு பிங்-ஆல் போடுங்கள்.

உங்கள் பாக்கெட்-இன் ஹேண்ட்லரில் ஈதர்டைப் 0x88cc வந்தால் உடனே திரும்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்எல்டிபி-யையும் சாதாரணப் பாக்கெட்டாக நினைத்து ஃப்ளட் செய்து (எல்லாப் போர்ட்டிலும் தள்ளி), இல்லாத லிங்க்கெல்லாம் இருப்பதாகக் காட்டும்.

20. ரெண்டு வழி இருக்கு. ஒரு லிங்க்கை டவுன் பண்ணா கண்ட்ரோலர் புது வழி கண்டுபிடிச்சிடுதுன்னு லாக்ல வருது. ஆனா பிங் நின்னது நின்னதுதான்!

லாக் சொல்வது உண்மைதான்; கண்ட்ரோலருக்குப் புது வழி தெரியும். சுவிட்சுக்குச் சொன்னது யார்? 12, 13 இரண்டிலும் பார்த்த அதே பழைய ஃப்ளோ, செத்துப்போன போர்ட்டுக்கே பாக்கெட்டை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்த ஃப்ளோவில் பொருந்திவிடுவதால் டேபிள்-மிஸ் நடக்காது, பாக்கெட்-இன்னும் வராது. போர்ட்-ஸ்டேட்டஸ் நிகழ்வு வந்ததும் அந்தப் போர்ட்டை அவுட்புட்டாகக் கொண்ட ஃப்ளோக்களை அழியுங்கள். ஃப்ளோ அழிக்கும் செய்தியில் அவுட்-போர்ட் என்ற புலம் இதற்காகவே இருக்கிறது. அழிக்கும்போது அவுட்-குரூப்பை "எனி" என்று வைக்க மறந்தால் ஒன்றும் அழியாது, எரரும் வராது.

மேக் அட்டவணையையும் அந்தச் சுவிட்சுக்குக் காலி செய்யுங்கள். ஐடில் டைம்அவுட் வைத்தால் தானாகச் சரியாகாதா என்று கேட்பார்கள். ஐடில் டைம்அவுட் ஃப்ளோவில் பாக்கெட் வராமல் இருந்தால்தான் ஓடும். பிங் நொடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருக்கும்வரை அந்த ஃப்ளோ சாகாது. ஹார்ட் டைம்அவுட் வைத்தால் சாகும், ஆனால் அத்தனை நொடியும் இணைப்பு அறுந்தே கிடக்கும்.